ஸ்பீக்கர் எண்ணிக்கையும் காதின் கணக்கும்

நம்பிக்கை: ஸ்பீக்கர் கூடக் கூட ஒலி நம்மை நன்றாகச் சூழும். அது எப்படி இருக்கும் என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது.

உண்மை: 2012-இல் ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸ் ஒலியமைப்பில் வந்தது, அடுத்த ஆண்டு ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி ஒலியமைப்பில். ஜொகூர் பாருவில் தமிழ்ப் படத்துக்குச் சீட்டு வாங்குகிறவர் காதிலும் இந்த ஒலியமைப்புகளின் பெயர்கள் விழுந்து நாளாகிறது. அட்மாஸ் அரங்கில் 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியே இயக்கலாம். கேட்பவருக்கு இருப்பதோ இரண்டே காது. பக்கவாட்டில் எழும் ஒலி ஒரு காதைவிட மற்றதை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகத் தாமதித்து அடைகிறது. அந்தத் தாமதத்தையும் ஒலியளவு வித்தியாசத்தையும் வைத்தே மூளை திசையைக் கண்டுகொள்கிறது. இரு காதுக்கும் ஏறத்தாழ ஒரே அலை வந்தால் ஒலி குறுகிக் கேட்கும். வேறுபட்டு வந்தால் அகலும். இந்த ஒற்றுமையை எண்ணாகவே அளக்கலாம். கச்சேரி மண்டபங்களை ஆராய்கிறவர்கள் பல காலமாக அளந்துவருகிறார்கள். ஆக, விளம்பரப் பலகையில் போடவேண்டிய எண்ணே வேறு.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் ரம்சி குழுவினர் வேண்டுமென்றே சிதைத்த சரவுண்ட் பதிவுகளுக்குக் கேட்போரை மதிப்பெண் போடச் செய்து, அளவீடுகளிலிருந்தே அம்மதிப்பெண்ணைக் கணிக்கும் மாதிரிகளை உருவாக்கினர். 2005-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியாபாரிகளுக்கு இனிக்காது: மொத்தத் தரத்தில் ஒலியின் நிறத்துக்கு, அதாவது தொனிக்கு, சுமார் 70 விழுக்காடு பங்கு, இடவுணர்வுக்குச் சுமார் 30தான். ரசனை ஆளுக்கு ஆள் மாறுமே என்பார்கள். மாறும்தான். ஆனால் மாதிரி கணிப்பது உங்கள் ஒருவரின் விருப்பத்தை அல்ல. மூலப் பதிவிலிருந்து ஒலி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பலர் தரும் சராசரித் தீர்ப்பை. பழகிய காதுக்காரர்கள் முன்புற ஒலி இடம் பிசகுவதைக் கவனித்தார்கள்; பழகாதவர்களுக்குச் சுற்றிவரும் ஒலியே பெரிதாக இருந்தது. இந்த வேற்றுமையிலும் ஓர் ஒழுங்கு இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். கணிப்புக்கு மெய்யான தடை இருக்கைதான்: ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் முந்திக்கொண்டு ஒலியைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

வீட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர் போதும். கேட்பவர் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்று நேர் முன்னால், இரண்டு அதன் இருபுறமும் 30 பாகையில், மீதி இரண்டு இருபுறமும் 100 முதல் 120 பாகைக்குள். இது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆறாவதை வாங்குமுன் இந்த ஐந்தையும் இடம் பார்த்து வையுங்கள்.