தரகுக் காசு எதற்கு?

வாசலில் ஒரு போர்டு மாட்டினால் வீடு விற்றுவிடும், தரகருக்கு எதற்குக் காசு என்பவர்கள் அக்ரஹாரத்து வீட்டை விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். கேரளத்துக் கரமனையில் அப்பா விட்டுப்போனது வரிசை வீடு. இரு பக்கமும் பொதுச் சுவர். திண்ணை, ரேழி, கூடம் என்று குறுகலாக உள்ளே நீண்டுகொண்டே போகும். கார் நிறுத்த இடம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டின் மேல் முதலில் கண் வைப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். சுவரை எடுத்துவிட்டால் அவர் வீடு இரட்டை அகலம் ஆகிவிடுமே! எங்களுக்கோ அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. "நமக்குள்ள என்னடா விலை?" என்று மாமா கேட்டால் என்ன பதில் சொல்ல?

தரகர் போட்ட முதல் நிபந்தனை, "சாமி மிண்டாதிருந்நா மதி." இங்கே மலையாளிகளுக்கு நாங்களெல்லாம் சாமிதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாம். யார் விலை கேட்டாலும் அவரைக் கைகாட்டினேன், மாமா கேட்டபோதும். தெருவில் சமீபத்தில் கைமாறிய வீடுகளின் விலையை வைத்துக்கொண்டு சென்ட் கணக்கில் தரகர் பேசினார். மாமாவுக்குக் கோபம் வந்தது, தரகர் மேல். கடைசியில் வாங்கியதும் மாமாதான், கேட்ட விலைக்குச் சற்றுக் குறைத்து. இன்றும் எங்காத்து விசேஷத்துக்கு முதல் ஆளாக வருகிறார். நேருக்கு நேர் பேரம் பேசியிருந்தால் வந்திருப்பாரா, சந்தேகம்தான்.

தரகர் சம்பாதித்துக் கொடுத்த இன்னொன்று காகிதத்தில் இருந்தது. எங்கள் ஆதாரம் (பத்திரம்) சென்டில் பேசும், வில்லேஜ் ஆபீஸ் கர (நிலவரி) ரசீது ஆரில் பேசும். 1 ஆர் என்பது சுமார் 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. தண்டப்பேர் என்கிற நிலவரிக் கணக்கு இன்னும் அப்பா பெயரில். வீட்டை யாருக்கும் காட்டுவதற்கு முன்பே வாரிசுச் சான்று, போக்குவரவு (பெயர் மாற்றம்), வில்லங்கச் சான்று, பழைய முன்னாதாரங்கள் எல்லாவற்றையும் தேட வைத்தார். வங்கிக் கடனில் வாங்க வருபவரின் வக்கீல் முதலில் தோண்டுவது இதைத்தான். அட்வான்ஸ் கைக்கு வந்தபின் ஓட்டை தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், நமக்கோ பேச வாயிருக்காது.

ஆனால் தரகர் சொல்வதெல்லாம் வேதமில்லை. கேரளத்தில் முத்திரை வரி 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் வாங்குபவர் தலையில். அதனால் ஆதாரத்தில் அரசு நிர்ணயித்த நியாய விலையை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறோம் என்ற பேச்சு வந்தே தீரும். எங்கள் தரகரும் ஜாடையாக அதைத் தொட்டார். மறுத்துவிட்டேன். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகப் போகலாம். விலை 50 லட்சத்தை எட்டினால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டியாக வேண்டும் என்பதையும் அட்வான்ஸ் பேசும்போதே சொல்லிவிடுங்கள். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்குக் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

தரகு இரண்டு சதவீதம் என்று பேசி எழுதி வாங்கிக்கொண்டேன், வங்கி வழியாகவே கொடுத்தேன். ரசீது இருந்தால் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். 2016இன் ரியல் எஸ்டேட் சட்டம் பதிவு கேட்பது புதிய திட்டங்களில் வீடு, மனை விற்றுத்தரும் ஏஜென்ட்டுகளிடம்தான். எங்களுடையது போன்ற பழைய தனிவீட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே எழுதி வாங்கிய அந்தத் தாள்தான் நமக்குப் பிடி. மூல ஆதாரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

நாலு தரகர்களிடம் சொல்லி வைப்பது கெட்டிக்காரத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு ஊரில் நாலு விலை உலவும். வருகிறவர் குறைந்ததைப் பிடித்துக்கொள்வார். ஒருவரிடமே கொடுங்கள், கெடு வைத்து. அதற்குள் ஆள் கொண்டுவரவில்லையா, அடுத்தவரைப் பாருங்கள்.