புழு மனை நாற்றம்: எதற்குச் செலவு செய்யலாம், எதைத் தொடவே கூடாது

தருமபுரி மாவட்டத்தில் மல்பெரி வைத்திருக்கும் எல்லாருக்கும் தோட்டத்து நடுவே தனிப் புழு மனை கிடையாது. வீட்டுச் சுவரை ஒட்டி ஷீட் இறக்கிய கொட்டகையில் வளர்ப்பவர்கள் உண்டு. பழைய ஓட்டு வீட்டின் பெரிய அறையைப் புழுவுக்கு விட்டுவிட்டு, குடும்பம் அடுத்த அறையில் படுத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. இந்த வழிகாட்டி அவர்களுக்காக. பயிர் முற்றும் வாரத்தில் வீட்டுக்குள் வரும் நாற்றத்தைக் குறைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓடும் ஃபேன் சத்தத்தில் பிள்ளைகளும் அக்கம்பக்கமும் தூக்கம் கெடக் கூடாது. புழுவுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. கடையில் கிடைக்கும் பொருள்களில் பாதி மூன்றாவது நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகும்.

முதலில் அளவு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 100 முட்டைத் தொகுதி என்றால் சுமார் 40,000 புழு. அவை கூடு கட்டும் வரை தின்னும் தழை ஏறக்குறைய ஒரு டன். அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளிலேயே தீர்ந்துவிடும். தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமல் எச்சமாக வெளியேறுகிறது. சாக்கி மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கி வருபவருக்கு முதல் பத்து நாள் மனையில் தழை வாசம்தான் இருக்கும். அதன் பிறகு ஒரே வாரத்தில் நிலைமை தலைகீழாக மாறும். அந்த ஒரு வாரத்துக்குத் தயாராக இருப்பதுதான் முழு வேலையும்.

வாசனை போட்டு மறைப்பது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: வேண்டாம். கொசுவர்த்திச் சுருளிலும் பிளக்கில் மாட்டும் கொசு லிக்விடிலும் இருப்பது பூச்சியைக் கொல்லும் பைரெத்ராய்டு. பட்டுப்புழுவும் பூச்சிதான். அடுத்த அறையில் மாட்டினாலும் கதவிடுக்கு வழியாக வந்து சேரும். நாப்தலின் உருண்டையும் பூச்சி மருந்துதான். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், ரூம் ஸ்பிரே எதையும் மனைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். புகையிலை போட்ட கையோடு தழையைத் தொடக் கூடாது. நிகோட்டின் மிகச் சிறு அளவிலேயே புழுவைச் சாய்த்துவிடும். ஓசோன் கருவி என்று ஒன்றை நாற்றம் போக்க விற்கிறார்கள். மனிதர் நுரையீரலுக்கே ஆகாத வாயு அது, உயிர் இருக்கும் அறையில் ஓட்டவே கூடாது.

மறைக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனையின் நாற்றம் ஒரே நாற்றம் அல்ல. காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்து மூக்கைச் சுண்டினால் அது அம்மோனியா. அடிப்படுக்கை ஈரமாகிவிட்டது என்று பொருள். புளித்த வாடை வந்தால் புழுத் தட்டை விட்டுவிட்டு, தழை சேமித்து வைத்த மூலைக்குப் போங்கள். அழுத்திக் குவித்த தழைக்குள் கையை விட்டால் சூடாக இருக்கும். அதைப் பிரித்துத் தளர்த்தி நிறுத்தி வைத்து, மேலே ஈரத்துணி போர்த்தினால் சரியாகும். மூன்றாவது, அழுகிய பிண வாடை. அது வந்தால் எந்த ஃபேனும் உதவாது. எங்கோ ஒரு தட்டில் புழு செத்துக் கறுத்துக் கிடக்கிறது. தளர் நோயோ பால்புழு நோயோ, உடனே குச்சியால் பொறுக்கிச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்த பேசினில் போட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறியும் மூக்கு ஒரு பயிரையே காப்பாற்றும். அதன் மேல் மல்லிகை வாசம் தெளிப்பது நமக்கே நாம் செய்யும் கெடுதல்.

சரி, எதில் செலவு செய்வது? என் முதல் தேர்வு ஃபேன் இல்லை, படுக்கை.

ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாளில் ஒரு படுக்கையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மேலே புழுவும் பச்சைத் தழையும். அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். அடியில் மிளகு அளவில் வரிவரியாகக் கோடு விழுந்த கரும்பச்சை எச்சம். அந்த எச்சம் கையில் உருண்டால் நாற்றம் பெரிதாக இருக்காது. விரலில் அப்பினால்தான் சிக்கல். புழு வெளியேற்றும் தழைச்சத்து பெரும்பாலும் யூரிக் அமிலமாக இருக்கிறது. அது காய்ந்து கிடக்கும் வரை சும்மா இருக்கும். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். ஆகவே நாற்றத்தைக் கட்டுப்படுத்துவது என்பது இங்கே ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான்.

தனி இலையாகப் பறித்துத் தட்டில் போடும் முறைக்கும், கிளையோடு வெட்டித் தாங்கிகளில் பரப்பும் முறைக்கும் இந்த இடத்தில்தான் பெரிய வித்தியாசம். இலை முறையில் படுக்கை பாய் மாதிரி அழுந்திவிடும்; வலை விரித்துப் புழுவை மேலே ஏற்றி, அடியை அடிக்கடி அகற்றியாக வேண்டும். கிளை முறையில் தண்டுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் இடையே காற்று ஓடும், எச்சம் உதிர்ந்து காயும். ஆள் கூலியும் குறைவு. இடம் அதிகம் கேட்கும் என்பதுதான் அதன் குறை. சின்ன அறை உள்ளவர்கள் அதனால் இலை முறையிலேயே இருந்துவிடுகிறார்கள். நான் சொல்வது: அறை சிறியதென்றால் புழுவைக் குறையுங்கள், கிளை முறையை விடாதீர்கள். நெருக்கி வளர்த்த 100 தொகுதியைவிடத் தாராளமாக வளர்த்த 75 தொகுதி வீட்டுக்கும் நல்லது, கூட்டுக்கும் நல்லது.

நீற்றுச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தோலுரிக்கும் நேரத்தில் படுக்கையை உலர்த்த அதைத் தூவுவது சரியான பழக்கம். ஆனால் ஏற்கெனவே நசநசத்து அம்மோனியா வீசும் படுக்கை மேல் கொட்டினால் காரத்தன்மை ஏறி, உள்ளே அடங்கியிருந்த அம்மோனியாவும் வெளியே கிளம்பும். சுண்ணாம்பு போட்ட பிறகு நாற்றம் கூடிவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம். ஈரப் படுக்கையை முதலில் அகற்றுங்கள்; காய்ந்ததன் மேல் மெல்லியதாகத் தூவுங்கள். நாற்றமடிக்கும் கழிவுக் குவியலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு உண்டாகும். மனையில் பெரும்பாலும் பெண்களே குனிந்து வேலை செய்கிறார்கள். அதை முதலில் சுவாசிப்பவர்களும் அவர்களே.

அகற்றிய கழிவை வாசலிலேயே குவித்தால் செய்ததெல்லாம் வீண். ஷீட்டில் சுருட்டி எடுத்துப்போய் வீட்டிலிருந்தும் மனையிலிருந்தும் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழே ஒரு குழியில் போட்டு ஒவ்வொரு நாளும் மண் மூடுங்கள். உரமும் ஆச்சு.

இனிக் காற்று. மின்சாரம் இல்லாத வழி முதலில். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் தரைக்கு அருகில் உள்ளே வர ஒரு வழியும், கூரைக்குக் கீழே வெளியேற ஒரு வழியும் இருந்தால் போதும், சத்தமே இல்லாமல் நாளெல்லாம் வேலை நடக்கும். கரண்ட் போனாலும் நிற்காது. ஜன்னல் மட்டும் இருக்கும் அறையில் ஜன்னல் உயரத்துக்கு மேலேயும் கீழேயும் காற்று தேங்கிவிடும். அதிலும் அடித் தட்டில் இருக்கும் புழுதான் அதிகம் பாதிக்கப்படும். கொத்தனாரை வைத்து அரை நாளில் நாலு துவாரம் போட்டுவிடலாம். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கூரையில் சுழலும் காற்றாடி உருண்டை, அதாவது டர்போ வென்டிலேட்டர், இதன் அடுத்த படி. ஷீட் கொட்டகைக்கு நன்றாகப் பொருந்தும். கரண்ட் செலவு இல்லை. பேரிங் நன்றாக இருக்கும் வரை சத்தமும் இல்லை. காற்று அசையாத இரவில் அது வெறும் ஓட்டைதான். ஐப்பசி மழையில் புழுக்கமாக இருக்கும் ராத்திரிகளில்தான் நாற்றம் உச்சத்தில் இருக்கும். அப்போது இதை மட்டும் நம்ப முடியாது. ஓட்டு வீட்டில் பொருத்துவதும் கஷ்டம், மழை ஒழுகும்.

எந்த வழியைத் திறந்தாலும் வலை கட்டாயம். 1980-இல் கர்நாடகத்துக்கு வந்து அங்கிருந்து நம் பக்கமும் பரவிய ஊசி ஈ, ஒரு விரல் இடைவெளி போதும், உள்ளே வந்து புழு மேல் முட்டை வைத்துவிடும். ஆனால் வலை காற்றையும் பாதி தடுக்கும், தூசு அடைத்தால் இன்னும் மோசம். வலை போடும் திறப்பைத் தேவைப்படுவதைப் போல் இரண்டு மடங்கு பெரிதாக விடுங்கள். ஒவ்வொரு பயிருக்கும் முன்னால் வலையைக் கழற்றித் துவைத்துக் காயவையுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது விலையை. கேட்க வேண்டியது வேகத்தை. ஒரே அளவு காற்றைத் தள்ள, சின்ன ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். வேகம் பாதியானால் அதே ஃபேன் தள்ளும் காற்று பாதியாகும். சத்தமோ 15 டெசிபல் அளவுக்கு இறங்கும், காதுக்கு அது மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். அதனால் 9 அங்குல அதிவேக ஃபேனை விட, 12 அல்லது 15 அங்குல ஃபேனில் குறைந்த வேக மாடல்தான் என் பரிந்துரை. 20 அடிக்கு 15 அடி, 10 அடி உயர அறை என்றால் கொள்ளளவு சுமார் 85 கனமீட்டர். பெட்டியில் மணிக்கு 850 கனமீட்டர் என்று அச்சிட்டிருந்தால் மணிக்குப் பத்து முறை காற்று மாறும் என்று கணக்கு. வலையும் சுவரும் சேர்ந்து அதில் பாதி கிடைத்தாலே வீட்டு மனைக்குத் தாராளம். 45 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும்.

எங்கே மாட்டுவது என்பது எதை வாங்குவது என்பதற்குச் சமமான கேள்வி. படுக்கையறைச் சுவரில் வேண்டாம். சுவரே அதிர்ந்து பேசும். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தும் வேண்டாம். எதிர்ச் சுவரில் தாழ்வான திறப்பு, இந்தச் சுவரில் உயரமாக ஃபேன், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே ரப்பர் வாஷர். காற்று புழு மேல் நேராக அடிக்கக் கூடாது, தழை வாடிவிடும். ஐந்தாம் பருவத்துக்கு 24 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை என்பதை மனத்தில் வைத்து ஓட்டுங்கள். சித்திரை மதியத்தில் ஃபேனை நிறுத்தி ஈரச் சாக்கு கட்டுவதும், இரவில் ஃபேன் ஓட்டுவதும் நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படும்.

மார்கழியில் இதற்கு நேர்மாறாக, எல்லாக் கதவையும் அடைத்து உள்ளே கரி அடுப்பு வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் கரிப் புகை ஆளையே கொல்லும். அடைத்த அறையில் அடுப்பும் வேண்டாம், அதன் பக்கத்தில் தூங்கவும் வேண்டாம்.

கார்பன் ஃபில்டர் பற்றிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். வெளிநாட்டில் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் ஃபேனோடு இணைக்கும் கரி நிரப்பிய உருளை அது. பல வாடைகளை நன்றாகப் பிடிக்கும். சாதாரணக் கரி அம்மோனியாவை அவ்வளவாகப் பிடிக்காது. ஈரக் காற்றில் அதன் திறன் இன்னும் குறையும். காற்றைத் தடுப்பதால் ஃபேன் அதிக வேகத்தில் இரைய வேண்டிவரும். மூன்றும் நமக்கு எதிர். அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு செட் தாங்கி வாங்கிப் படுக்கையை விரிவாக்குங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு கட்டத்தில் பலர் தவறவிடுவது புழு கூடு கட்ட ஏறிய பிறகு. இனித் தீனி இல்லை, எச்சம் இல்லை என்று ஃபேனை நிறுத்திவிடுகிறார்கள். பழுத்த புழு சுமார் நாலு கிராம். கட்டி முடித்த கூடு உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவோடு சேர்த்து இரண்டு கிராம். வித்தியாசத்தில் பெரும்பகுதி நீர். 40,000 புழுவுக்கு அது 80 லிட்டர் அளவு வரும், இரண்டு மூன்று நாளில். அது அறையிலேயே தங்கினால் நாற்றம் மட்டும் மிஞ்சாது. கூட்டின் இழை ஒட்டிக்கொண்டு நூல் அறும், கறைக் கூடு பெருகும். தருமபுரி 4 ரோடு அருகே உள்ள அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் எடுப்பவர் கையில் அள்ளி அழுத்திப் பார்க்கும்போது அந்த ஈரம் விலையில் தெரிந்துவிடும். சந்திரிகையோ பிளாஸ்டிக் நெட்ரிகாவோ, அடியில் பழைய காகிதம் விரித்துப் புழு கழித்த நீரை மறுநாள் எடுத்துவிடுங்கள். புழு ஏறியதிலிருந்து ஐந்து நாளும் ஃபேன் மெதுவாக ஓடட்டும்.

கடைசியாகக் கிருமிநீக்கக் கரைசல். ஃபார்மலின் 2 சதவீதம் சக்தி வாய்ந்தது. ஆனால் அறையைக் காற்றுப்புகாமல் 24 மணி நேரம் மூட வேண்டும். அதன் ஆவி புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. குடும்பம் அடுத்த அறையில் தூங்கும் வீட்டில் அதை நான் சொல்ல மாட்டேன். 2 சதவீத பிளீச்சிங் பவுடரை 0.3 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலில் கலப்பது, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பவுடரும் 300 கிராம் சுண்ணாம்பும், மலிவானது. இரும்புத் தாங்கியை அரிக்கும், பிரித்து வைத்த பவுடர் வீரியம் இழக்கும். குளோரின் டை ஆக்சைடு கரைசல் விலை கூடுதல். நெடி குறைவு, அரிப்பும் குறைவு. வீட்டோடு ஒட்டிய மனைக்கு அதுதான் என் தேர்வு. எதை அடித்தாலும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள். அடுத்த நாள் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, நெடி முழுக்கப் போன பிறகே சாக்கி மையத்திலிருந்து புழுவை எடுத்து வாருங்கள்.