மழைக்காலத்தில் தலையணை உறைகள்: சைதாப்பேட்டை வீடுகளுக்குப் பருவகால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடும். அடையாற்றங்கரையில், நெருக்கமான தெருக்களும் வெயில் எட்டாத பின்கட்டுகளும் கொண்ட சைதாப்பேட்டையில் துணி முழுதாகக் காய்வது இப்போது அரிது. தலை எண்ணெயும் வியர்வையும் தினமும் இறங்குவதால், வீட்டுத் துணிகளில் முதலில் பூஞ்சை பிடிக்கக்கூடியவற்றுள் தலையணை உறையும் ஒன்று. ஆகவே இந்தப் பருவத்தில் அழுக்கைவிட ஈரத்தையே முதலில் கவனிக்க வேண்டும்.

எந்தத் துணி எவ்வளவு ஈரம் பிடிக்கும்

நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றும் துணியிலும் காற்றிலிருந்து வந்த ஈரம் இருக்கும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும், பட்டு 11 விழுக்காடும், ரேயான் 13 விழுக்காடும் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பாலியெஸ்டர் பிடிப்பது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மழைக்காலச் சென்னையில் காற்றின் ஈரப்பதம் இதைவிட அதிகம் என்பதால் இந்த அளவுகளும் கூடும். துவைப்பதும் உலர்த்துவதும் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைய வேண்டும்.

துணிவாரியாகத் துவைக்கும் முறை

*பருத்தி:* நனைந்தால் வலுக்கூடும் இழை இது. கசக்கலையும் வெந்நீரையும் தாங்கும். வெள்ளை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது. படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகள் அந்தச் சூட்டில் இறந்துவிடும். ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ள வீடுகளில் இதைத் தவிர்க்கக் கூடாது. மழை ஓயும்வரை உறைகளுக்குக் கஞ்சி போட வேண்டாம். கஞ்சியின் மாவுச்சத்து பூஞ்சைக்குத் தீனி.

*சாயமிட்ட கைத்தறி:* கட்டம்போட்ட பருத்தித் துணி இந்நகரின் பழைய ஏற்றுமதிச் சரக்கு. 1960களில் அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்குவதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டது. வீட்டு வாளியில் அதே குணம் மற்ற துணிகளைக் கெடுக்கும். தீபாவளித் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸில் வாங்கிய புது உறையாக இருந்தாலும், ஈரமான வெள்ளைத் துணியை அதன் ஓரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். நிறம் ஒட்டினால் தனியே, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் துவைத்து உடனே அலசி உலர்த்த வேண்டும்.

*பாலியெஸ்டர், பாலி-காட்டன்:* சீக்கிரம் காய்வதால் அடைமழை நாட்களுக்கு ஏற்றவை. ஆனால் எண்ணெய்க் கறையை விடாமல் பிடித்துக்கொள்ளும். கறைமேல் சிறிது பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துவைத்தால் போகும்.

*பட்டு:* சோடா கலந்த சலவைத்தூளும் குளோரின் வெளுப்பானும் பட்டிழையை அரிக்கும். மென்மையான ஷாம்பூவோ பூந்திக்கொட்டைக் கரைசலோ போதும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். கடையில் ‘சாட்டின்’ என்று விற்பதெல்லாம் பட்டல்ல. சாட்டின் என்பது நெசவு வகை. பெரும்பாலும் பாலியெஸ்டரில் நெய்யப்படுகிறது. துணியின் சீட்டைப் பார்த்துவிட்டே துவைக்கும் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

*ரேயான்:* நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். துவைகல்லில் அடித்தால் கிழியும். கையால் மெல்ல அலச வேண்டும்.

பட்டும் ரேயானும் தவிர மற்றவற்றுக்கு இயந்திரம் போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. அதன் பிசுக்கு இழையில் தங்கி உறை சொரசொரப்பாகும். அத்தகைய வீடுகளில் கடைசி அலசலுக்காவது குடிநீர் வாரியத் தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

உலர்த்துதலும் இஸ்திரியும்

பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை பெய்து முற்பகலில் வானம் வெளுக்கும் நாட்கள் இப்பருவத்தில் உண்டு. அந்த வெயிலை வீணாக்காமல், உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, வாயைக் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். வெயில் இல்லாத நாளில் மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டி, இடைவெளி விட்டுப் போடலாம். மூலைகளும் தையல் விளிம்புகளும் கடைசியில்தான் காயும்; அவற்றைத் தொட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும்.

எஞ்சிய ஈரத்தை இஸ்திரி போக்கும். பெட்டியில் ஒரு புள்ளி பாலியெஸ்டருக்கும், இரண்டு புள்ளி பட்டுக்கும், மூன்று புள்ளி பருத்திக்கும் உரிய சூடு. தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கும் திருகு கிடையாது. பாலியெஸ்டர் உறைகளைத் தனியாகப் பிரித்து, சொல்லிக் கொடுக்க வேண்டும். இஸ்திரி போட்ட சூடு ஆறிய பிறகே அலமாரியில் வைக்க வேண்டும்.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு, தலைமுடி ஈரத்தோடு படுத்தால் அந்த ஈரம் உறையைத் தாண்டிப் பஞ்சுக்கே இறங்கும். முடியை உலர்த்திவிட்டுப் படுப்பது தலையணைக்கும் நல்லது.

கரும்புள்ளி கண்டால்

புள்ளி பிடித்த உறையை வீட்டுக்குள் உதறக் கூடாது. பூஞ்சை வித்துகள் பரவும். வெள்ளைப் பருத்திக்கு நீர்த்த குளோரின் வெளுப்பான், நிறத்துணிக்கு ஆக்சிஜன் வகை வெளுப்புத் தூள் ஏற்றது. பட்டுக்கு இரண்டும் வேண்டாம். வெளுப்பானுடன் கழிவறை அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

வெள்ளநீர் புகுந்தால்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும். மழை எச்சரிக்கை வந்ததும் மாற்று உறைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைப்பது நல்லது. நனைந்த பருத்தி உறைகளைக் கையுறையோடு எடுத்து, தனியாக அலசி, வெந்நீரில் துவைத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். வெள்ளநீர் குடித்த இலவம்பஞ்சு, பருத்திப் பஞ்சுத் தலையணைகளை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. அவற்றை அப்புறப்படுத்திவிட வேண்டும்.