யூடியூப் வருமானம்: பணம் எங்கிருந்து வருகிறது?



சென்ற மாதம் ஒரு வாலிபர் வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை நிறுத்திவிட்டு யூடியூப் சேனல் நடத்தப் போகிறாராம், அதற்குக் கேமரா வாங்க வேண்டுமாம். "என் ஒரு வீடியோவை இருபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் ஹஜ்ரத்" என்றார். எவ்வளவு வந்தது என்று கேட்டோம். ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இதே ஆசையில் நம் மஹல்லாவில் இன்னும் பலர் இருப்பதால், விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

பார்வைக்கென்று யூடியூப் பணம் தருவதில்லை. வீடியோவோடு வரும் விளம்பரத்துக்கு வியாபாரிகள் தரும் பணத்தில் பங்கு தருகிறது. நீள வீடியோவானால் 100 ரூபாயில் 55 ரூபாய் சேனல்காரருக்கு. ஆனால் அந்தப் பங்குக்குச் சேரவே தகுதி வேண்டும்: 1,000 சந்தாதாரர்கள், அதோடு கடந்த 12 மாதங்களில் மக்கள் பார்த்த நேரம் 4,000 மணி. மணிக்கணக்குக்குப் பதிலாக, 90 நாட்களில் ஷார்ட்ஸ் பார்வை ஒரு கோடி இருந்தாலும் சரி.

4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 பார்வை வேண்டும். நம் வாலிபருடையதோ அரை நிமிட ஷார்ட்ஸ். ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரம் அந்த 4,000 மணிக் கணக்கில் சேராது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

தகுதி பெற்ற பிறகும் தொகை நிலையானதல்ல. அமெரிக்காவில் இருப்பவர் பார்த்தால் விளம்பரத்துக்குக் கூடுதல் விலை, இந்தியாவில் பார்த்தால் குறைவு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ரகசிய எண் தபாலில் வரும். (கதவு எண்ணைச் சரியாகக் கொடுங்கள். நம் சந்துகளில் தபால்காரர் படும் பாடு நமக்குத் தெரியும்.) 100 டாலர் சேராமல் பணம் வங்கிக்கு வராது. சேராத தொகை அடுத்த மாதக் கணக்கில் நிற்கும். பிறருடைய பயானை வெட்டி ஒட்டிப் போடும் சேனலுக்குப் பங்கு மறுக்கப்படலாம். உரியவரின் அனுமதியின்றி எடுப்பது மார்க்கத்திலும் சரியல்ல.

நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் விளம்பரம்தான். விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. பணம் பற்றிய வீடியோக்களில் கூடுதல் விலை கேட்பவர்களில் கடன் நிறுவனங்களும் கடன் அட்டைக்காரர்களும் உண்டு. அதாவது, நல்ல வருமானம் வந்தால் அது வட்டி விளம்பரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். சில வகை விளம்பரங்கள் வேண்டாமென்று தடுக்கும் வசதி இருக்கிறது. தடுத்தால் வருமானம் குறையலாம், தடுப்பும் நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்று நம்பிவிட முடியாது. இவ்வருமானம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எங்கள் பார்வையில், தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் "தானாக வருகிறது" என்று சொல்வது போதாது. உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஹலாலான வருமானம் நிஸாப் அளவில் சேர்ந்து ஓராண்டு நின்றால் அதற்கும் இரண்டரை சதவீத ஜகாத் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. "வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்பு மேலே சொன்ன எதிலும் சேராது. முதலில் நூறு, இருநூறு தந்து ஆசை காட்டி, பிறகு "முதலீடு" கேட்பார்கள். பெண்கள் சேமிப்பை அதில் இழந்துவிட வேண்டாம்.

அந்த வாலிபருக்குக் கேமராக் கடன் தரவில்லை. நிலுவையிலுள்ள கல்லூரிக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டிவிடும், வீடியோவைக் கையிலுள்ள போனிலேயே விடுமுறை நாட்களில் எடுங்கள் என்றோம். வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். கட்டணம் கட்டக் கடைசி நாள் இம்மாத இறுதி.