வேர் முடிச்சின் விந்தை

நிலக்கடலைச் செடியொன்றை வேரோடு மெல்லப் பெயர்த்தெடுத்து, ஒட்டியுள்ள மண்ணை நீரில் அலசிப் பார்த்தால், வேரெங்கும் கடுகளவிலும் மிளகளவிலும் சிறு உருண்டைகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு ஆகியவற்றின் வேர்களிலும் இவை உண்டு. நெல்லின் வேரிலோ கேழ்வரகின் வேரிலோ இவற்றைக் காண இயலாது. வேரைப் பற்றிய நோய் இது என்று அஞ்சுவோர் இன்றும் சிலர் இருக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டில் இவற்றைப் படமாக வரைந்த இத்தாலிய அறிஞர் மால்பிகியே, பூச்சிகளால் உண்டான வீக்கம் என்றுதான் எண்ணினார்.

உண்மையில் இவ்வுருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு உரத் தொழிற்சாலை ஆகும். அது எவ்வாறு என்பதை அறியுமுன், காற்றைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு. பயிர்கள் தழைத்து வளரத் தேவையான தழைச்சத்து என்பதும் இந்த நைட்ரஜனே. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் வானளாவ நிற்கும் காற்றில் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் நைட்ரஜன் அடங்கியுள்ளது. தலைக்கு மேல் இத்தனை செல்வம் இருக்க, உழவர் மூட்டை மூட்டையாக யூரியாவை விலை கொடுத்து வாங்குவானேன்? காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மடிப் பிணைப்பில் இறுகப் பூட்டிக் கிடக்கின்றன. அப்பூட்டைத் திறக்கும் ஆற்றல் பயிருக்கு இல்லை.

மனிதன் அப்பூட்டைத் திறக்கக் கற்றது அண்மையில்தான். ஜெர்மானிய விஞ்ஞானி ஹேபர் 1909ஆம் ஆண்டில் அதற்கு வழி கண்டார். போஷ் என்பவரின் முயற்சியால் 1913இல் ஒப்பாவ் என்னுமிடத்தில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதற்கு 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தமும் தேவை. அதே வேலையைக் கடலைச் செடியின் வேர் முடிச்சு, மண்ணின் இயல்பான வெதுவெதுப்பிலேயே ஓசையின்றிச் செய்து முடிக்கிறது.

இதனை முதன்முதலில் ஐயமற நிறுவியவர் ஹெல்ரீகல் என்னும் மற்றொரு ஜெர்மானியர். நைட்ரஜன் இல்லாத தூய மணலில் அவர் ஓட்ஸ் தானியத்தையும் பட்டாணியையும் வளர்த்தார். தானியம் அவர் இட்ட உரத்தின் அளவுக்கே வளர்ந்தது. பட்டாணியோ, வயல் மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும், உரமின்றியே செழித்தது. அந்நீரைக் கொதிக்க வைத்து ஊற்றியபோது பட்டாணியும் வாடியது. ஆகவே, மண்ணிலுள்ள ஏதோ உயிர்ப்பொருளே இதற்குக் காரணம் என்று அவர் 1886இல் அறிவித்தார். ஈராண்டுகளில் ஹாலந்து நாட்டு அறிஞர் பையரிங்க் அந்த உயிரையே பிரித்தெடுத்துக் காட்டினார். அதுவே ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்.

செடிக்கும் இந்நுண்ணுயிருக்கும் உள்ள உறவு ஒரு பண்டமாற்று எனலாம். செடி தன் இலைகளில் சமைத்த சர்க்கரையை வேருக்கு அனுப்பி நுண்ணுயிரைப் போஷிக்கிறது. நுண்ணுயிர் அதற்கு ஈடாகத் தழைச்சத்தை அளிக்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனைப் பிணைக்கும் நொதிக்குப் பிராண வாயு பகை. ஆனால் நுண்ணுயிர் உயிர்வாழப் பிராண வாயு தேவை. இதற்குச் செடி கண்டுள்ள வழி வியக்கத்தக்கது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் முடிச்சுக்குள் உண்டாகி, பிராண வாயுவைப் பற்றிக்கொண்டு அளவாக வழங்குகிறது. உயிருள்ள முடிச்சை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தோன்றுவது இதனாலேயே.

இத்துறையில் அண்மையில் கிடைத்த செய்தி ஒன்று இன்னும் விந்தையானது. 1998இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோனதன் ஸேர் பசிபிக் கடல் நீரில் நைட்ரஜனைப் பிணைக்கும் ஓர் உயிரின் மரபுச் சுவட்டைக் கண்டார். அவ்வுயிர் ஒரு நுண்பாசிக்குள் வாழ்வது பின்னர் தெரிந்தது. அப்பாசியை ஆய்வுச்சாலையில் வளர்ப்பதற்காக ஜப்பானிய அம்மையார் கியோகோ ஹாகினோ பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். அவர் வளர்த்த பாசியைக் கொண்டு ஆராய்ந்ததில், உள்ளே இருப்பது விருந்தாளியன்று, பாசியின் உடலுறுப்பாகவே மாறிவிட்ட ஒன்று என்று 2024இல் தெரியவந்தது. பாசி இரண்டாகப் பிரியும்போது அதுவும் உடன் பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்கள் பலவற்றைப் பாசியிடமிருந்தே பெறுகிறது. இதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டுள்ளனர். நெல்லும் கோதுமையும் தம் உடலுக்குள்ளேயே தழைச்சத்தை உண்டாக்கிக்கொள்ளும்படி செய்ய இயலுமா என்று ஆராய்வோருக்கு இது புதிய ஊக்கம் அளித்துள்ளது. ஆயினும் அத்தகைய நெல் இன்னும் உருவாகவில்லை.

கடற்பாசி ஒருபுறம் இருக்கட்டும். நம் வயலுக்கு வருவோம். பயறு விதைத்தால் நிலம் வளம்பெறும் என்று சொல்லக் கேட்கிறோம். அது பாதி உண்மையே. முடிச்சு ஈட்டிய தழைச்சத்தில் பெரும்பங்கு மணிகளுக்குச் சென்றுவிடுகிறது. கடலையையும் எடுத்துக்கொண்டு, கொடியையும் வேரோடு மாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. மாட்டின் எரு அந்நிலத்துக்கே திரும்பினால்தான் கணக்கு நேராகும். தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அது ஈட்டியது அனைத்தும் மண்ணுக்கே சேரும்.

முடிச்சு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். விதைத்து முப்பது நாற்பது நாட்களில், வயலின் நாலைந்து இடங்களில் செடியைத் தோண்டியெடுத்து முடிச்சுகளைக் கிள்ளிப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். உட்புறம் இளஞ்சிவப்பாயின் வேலை நடக்கிறது. அந்தப் பருவத்தில் வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் பயனில்லை. வேரின் பக்கத்தில் ஒட்டி, விரலால் தேய்த்தால் உதிர்வதே நல்ல முடிச்சு. வேரே ஆங்காங்கு பருத்து உதிராதிருந்தால் அது நூற்புழுவின் வேலை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்ட நிலத்திலும் முடிச்சுகள் குறையும். கேளாமலே உணவு கிடைக்கும்போது, சர்க்கரை கொடுத்து வேலையாள் வைக்கச் செடி விரும்புவதில்லை.

நெடுநாள் பயறு விளையாத நிலத்தில் ஏற்ற நுண்ணுயிர் குறைவாக இருக்கலாம். அந்நிலையில் விதையோடு ரைசோபியத்தைக் கலந்து விதைப்பது நன்று. ஒரு எக்டேருக்கான விதைக்கு 600 கிராம் போதும். கடலைக்கு வேறு, உளுந்துக்கு வேறு என்று பயிருக்கேற்ற வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதனைக் குழைத்து, விதையின் தோல் உரியாதபடி மெல்லப் பிசறி, கால் மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடலாம். வெயிலில் உலர்த்தினாலும், கஞ்சி சூடாக இருந்தாலும் நுண்ணுயிர் மடிந்துவிடும். பூசண மருந்து கலந்த விதையாயின், மருந்திட்டு 24 மணி நேரம் கழித்தே இதனைக் கலக்க வேண்டும்.