இந்த மாத்திரையை மட்டும் ஏன் நசுக்கக் கூடாது?

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. மாத்திரை விழுங்கச் சிரமப்படுகிறார். அதனால் எல்லா மாத்திரைகளையும் நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுத்துவிடுவேன். மருந்துக்கடைத் தம்பியோ, “பான்டோபிரசோலை மட்டும் நசுக்காதீங்க அக்கா” என்கிறார். மேலே இருப்பது வெறும் கலர் பூச்சுதானே? வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வயிறு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு இடங்கள். முதலில் இரைப்பை, கடும் புளிப்பான இடம். அடுத்தது சிறுகுடல், அங்கே புளிப்பு மிகக் குறைவு. மருந்துக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

நிறத்துக்கும் இனிப்புக்கும்தான் பூச்சு என்று பலரும் நினைக்கிறோம். சில மாத்திரைகளுக்கு அது ஓரளவு சரி. பழைய முறை சர்க்கரைப் பூச்சு. சுழலும் பெரிய கொப்பரையில் மாத்திரைகளை உருளவிட்டு, பாகு ஊற்றி, சூடான காற்றில் உலர்த்தி, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். மாத்திரையின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுவதும் உண்டு. இப்போது பெரும்பாலும் ஃபிலிம் பூச்சுதான். தலைமுடியின் தடிமனே உள்ள மெல்லிய படலம் அது. எடையில் 2, 3 சதவீதம்தான் கூடும். இவை கசப்பை மறைக்கும், ஈரமும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்காமல் காக்கும். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையின் பூச்சுக்கும் இதுதான் வேலை. இரும்புச்சத்து ஈரக்காற்றில் மாறிப்போகாமலும், அதன் துவர்ப்பு நாக்கில் படாமலும் அது பார்த்துக்கொள்கிறது.

பான்டோபிரசோலின் பூச்சு வேறு வகை. அதற்குப் பெயர் என்டெரிக் பூச்சு, அதாவது இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும் உறை. பான்டோபிரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. ஆனால் அமிலம் பட்டால் அதுவே சிதைந்துவிடும். ஆகவே முழுசாக இரைப்பையைக் கடந்து, குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, பிறகு ரத்தத்தின் வழியாகத்தான் இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்குத் திரும்பி வருகிறது. நசுக்கிக் கொடுத்தால் போகும் வழியிலேயே மருந்தில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

இடம் பார்த்துக் கரைய அந்த உறைக்கு எப்படித் தெரியும்? உங்கள் அடுப்படியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. குழம்பில் காய் வேகும் முன்பே புளியைக் கரைத்துவிட்டால் காய் விறைத்துக்கொண்டு வேகவே வேகாது அல்லவா? இந்த உறையும் புளிப்பில் இறுகியே இருக்கும். பி.ஹெச். என்பது புளிப்பின் அளவுகோல். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வெறும் இரைப்பையில் அது 1 முதல் 3 வரை இருக்கும். குடலில் 5.5-ஐத் தாண்டியதும் உறை இளகிக் கரைகிறது. தரச் சோதனையில் இத்தகைய மாத்திரை அமிலத்தில் 2 மணி நேரம் விரிசல் விடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். அமிலத்தைத் தணிக்கும் ஜெலுசில் போன்ற மருந்தை, என்டெரிக் பூச்சுள்ள சில மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்காமல் இடைவெளி விடச் சொல்வதற்கும் இந்தப் பூச்சுதான் காரணம். இரைப்பையில் புளிப்பு குறைந்தால் உறை முன்கூட்டியே கரையக்கூடும்.

மூன்றாவது வகையில் இன்னும் கவனம் தேவை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால், அந்த மருந்து பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டியது என்று பொருள். சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரைகளில் இவை அதிகம். நசுக்கினால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும். அது ஆபத்து.

நடுவில் கோடு உள்ள மாத்திரையைப் பெரும்பாலும் பாதியாக உடைக்கலாம். ஆனால் உடைக்கலாம் என்றால் நசுக்கலாம் என்று அர்த்தமில்லை. மாமியாரின் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எவற்றை நசுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நசுக்கக் கூடாதவற்றுக்குப் பதிலாக விழுங்க எளிய வேறு வடிவம் உண்டா என்றும் கேளுங்கள். அந்த மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு நன்றியும் சொல்லிவிடுங்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி.