விரல் நுனியில் ஒரு மதகு

தஞ்சோங் காராங், கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை பெருகுவதற்கு முன்னர், நம் முன்னோர் பலர் பால்மரம் சீவி வாழ்ந்தனர். விடியும் முன்பே, தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் வேலை தொடங்கிவிடும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். போதிய வெளிச்சம் இல்லாத அந்த நேரத்தில் கத்தியின் ஆழத்தைக் கண்ணோடு சேர்ந்து கையும் உணர்ந்து சொன்னது. கைக்கு அந்த அறிவு எப்படி வந்தது?

நமது தோலில் உணர் நரம்பணுக்களின் முனைகள் பரவியுள்ளன. பொருள் ஒன்று தோலை அழுத்துவது ஒரு விசை. ஆனால், நரம்பின் வழியே மூளைக்குச் செல்வது விசையன்று, மின் துடிப்பு. எனவே, விசையை மின் துடிப்பாக மாற்றும் வேலை அந்த முனைகளிலேயே நடந்தாக வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள, தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்கு நீர் திறந்துவிடும் மதகை எண்ணிப் பாருங்கள். மதகு மூடியிருக்கும்போது வாய்க்காலில் நீர் உயர்ந்தும் வயலில் தாழ்ந்தும் நிற்கும். திறந்தவுடன் நீர் தானே வயலுக்குள் பாயும். நரம்பணுவும் அவ்வாறே அமைந்துள்ளது. ஓய்வு நிலையில் அதன் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அதன் சவ்வில் புரதத்தாலான நுண்ணிய மதகுகள் உள்ளன. தோல் அழுத்தப்படும்போது சவ்வு இழுபட்டு, மதகுகள் திறக்கின்றன. நேர்மின்னேற்றம் கொண்ட சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உட்புற மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்ததும் மின் துடிப்பு ஒன்று பிறந்து நரம்பின் வழியே விரைகிறது. அழுத்தம் கூடினால் துடிப்பின் அளவு பெரிதாவதில்லை; ஒரு நொடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கையே கூடுகிறது.

இந்த மதகு எந்தப் புரதம் என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர், மெல்லிய கண்ணாடிக் குழாயால் குத்தினால் மின்னோட்டம் எழுப்பும் உயிரணுக்களை ஆராய்ந்தனர். 72 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். ஒரு மரபணுவை நிறுத்தியபோது அந்த மின்னோட்டம் மறைந்தது! அந்த மரபணு உருவாக்கும் புரதத்திற்குப் 'பியெசோ 1' எனப் பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'அழுத்தம்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அதன் இணையான 'பியெசோ 2' நமது தொடு உணர்வுக்கு இன்றியமையாதது. 2010இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்காகப் பட்டபூட்டியன், வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியசுடன் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த உணர்வு அற்றுப்போனால் என்ன நேரும்? 1946 முதல் தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் இதைக் கண்டறிந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். நோய் நரம்பைத் தாக்குவதால் உணர்வு மரத்துப்போகிறது. சுடும் பாத்திரமும் கூரிய முனையும் ஏற்படுத்தும் காயங்கள் தெரியாமலே முற்றிவிடுகின்றன என்று அவர் விளக்கினார்.

இன்று இனிப்புநீர் நோயால் நரம்பு பாதிக்கப்பட்டோரும் இதே ஆபத்தை எதிர்நோக்குகின்றனர். காலில் முள் தைத்தாலும் வலிக்காது. புண் முற்றினால் காலையே இழக்க நேரிடலாம். ஆகவே, அவர்கள் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது. பாதங்களை நாள்தோறும் பார்வையிட வேண்டும். பார்வை மங்கிய தாத்தா பாட்டிக்கு அந்த வேலையை நீங்கள் செய்து கொடுக்கலாம். அவர்களின் நரம்பு சொல்லத் தவறியதை உங்கள் கண்கள் கண்டு சொல்லட்டும்.